பதினேழிலிருந்து நாலுக்கு

நியூ ஜெர்சியில், எடிசனில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல் மாடி. அழ வருகிறவர்களுக்காகவே மெத்தென்று ஒரு சோபா, அதன் இரண்டு பக்கமும் டிஷ்யூ டப்பா. அந்த சோபாவில் உட்கார்ந்து, திருமூர்த்தி தனக்கு எவ்வளவு மனச்சோர்வு வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மடியில் ஒரு அட்டை, அட்டையில் கிளிப் போட்ட காகிதம், காகிதத்தில் ஒன்பது கேள்விகள். போன இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது மனசு ஒட்டியதா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க். மற்ற ஜனங்கள் இதைப் படித்துக் கொஞ்சம் விழித்து, மனசாட்சிப்படி வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். திருமூர்த்திக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவருடைய பிழைப்பே இந்தக் காகிதம்தான்.

பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் அவருக்கு வேலை. புது மருந்து ஒன்று வந்தால் அது பலிக்கிறதா என்று நோயாளிகளிடம் கொடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா? சர்க்கரை நோய் என்றால் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிடலாம். சோகத்தை எந்த ஊசியில் உறிஞ்சுவது? ஆகவே ஆள் வைத்துக் கேள்வி கேட்டு மார்க் போடுவார்கள். ஹூஸ்டனில் ஒருவர் பத்து போடுகிற சோகத்துக்கு ஜெர்சி சிட்டியில் இன்னொருவர் பதினைந்து போட்டால் மருந்து கம்பெனி தலையில் துண்டுதான். எல்லாரும் ஒரே மாதிரி மார்க் போடப் பழக்குவது திருமூர்த்தியின் உத்தியோகம். அந்தப் பயிற்சிக்கு வீடியோ எடுப்பார்கள். வீடியோவில் நோயாளியாக வருவது கூலிக்கு நடிக்கிற நடிகர்கள். அவர்கள் எந்த வரியில் நிறுத்த வேண்டும், எந்த வரியில் கண் கலங்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதும் இவரே. பத்தொன்பது வருஷமாக இதே வேலை. தராசு செய்கிறவனைத் தராசில் ஏற்றினால் அவன் சும்மா நிற்பானா? ஒரு காலைத் தூக்கிக்கொண்டுதான் நிற்பான்.

பத்துக்குக் கீழே போனால் இந்த தெரபிஸ்ட் பெண் ‘உங்களுக்கு ஒன்றும் இல்லை, தினமும் வாக்கிங் போங்கள்’ என்று அனுப்பிவிடக்கூடும். இருபதைத் தொட்டால் மாத்திரை, டாக்டர் என்று பேச்சு வேறு பக்கம் போகும். அந்த ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் தவிர எதைப் போட்டாலும் முழு ஒரு மணி நேரமும் அதற்கே செலவாகும். ஆகவே பதினேழு என்று முடிவு செய்தார். கௌரவமான நம்பர். பதினேழு வருகிற மாதிரி வட்டங்களைப் பிரித்துப் போட்டு, கூட்டிச் சரிபார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நிஜத்தில் அவருக்கு எவ்வளவு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இரண்டு மாதமாக விடிவதற்கு வெகு முன்னால் விழிப்பு வந்துவிடுகிறது. சோறு இறங்கவில்லை. சிக்னல் பச்சைக்கு மாறியும் காரை எடுக்கத் தோன்றுவதில்லை. ஊரார் சோகத்தை எல்லாம் கூட்டிப் பார்த்த மனிதர் இதை மட்டும் ஒரு தடவைகூடக் கூட்டிப் பார்க்கவில்லை. பயந்தாங்கொள்ளி, வேறென்ன சொல்வது.

இவ்வளவு கெட்டிக்காரர் இங்கே ஏன் வந்தார் என்றால், மகள் சொன்னாள் என்று வந்தார்.

ஒரே மகள், கயல். இருபது வயசு. டெக்சாஸில், ஆஸ்டினில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் பண்ணினாள். அம்மா தாமரைச்செல்வி ஓக் ட்ரீ ரோட்டுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தாள். போனை எடுத்தது திருமூர்த்தி.

“அப்பா, ஐ டோன்ட் நோ வாட்ஸ் ராங் வித் மீ. பெட்ட விட்டு எழுந்துக்கவே முடியலப்பா” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

இந்த இடத்தில் ஒரு அப்பன் என்ன செய்வான்? “என்ன கண்ணு ஆச்சு” என்று பதறுவான். ஒன்றும் தெரியாத அப்பனாக இருந்தால் “எல்லாம் செல்போன் பாத்துப் பாத்துத்தான்” என்று திட்டவாவது செய்வான். திருமூர்த்தி பேனாவை எடுத்தார். குரல் தானாகவே பயிற்சி வகுப்புக் குரலாக இறங்கியது. “சரி கண்ணு. லாஸ்ட் டூ வீக்ஸ்ல எத்தன நாள் அப்படி இருந்துச்சு? சில நாளா, பாதி நாளுக்கு மேலயா, டெய்லியா?”

ஒன்பது கேள்வியும் கேட்டார். கயல் ஒன்பதுக்கும் பதில் சொன்னாள். அவளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. லாக்டவுன் சமயத்தில் நடிகர்கள் வர முடியாமல் போனபோது, எழுதிய வசனம் சரியாக வருகிறதா என்று பார்க்க இவளைத்தான் நோயாளி பாகம் வாசிக்கச் சொல்வார். வாசித்து முடித்துவிட்டு “அப்பா, இந்த லேடிக்குப் பதினாலு” என்று அவளே சொல்லிவிடுவாள். அத்தனை பழக்கம். அன்றைக்கும் அழுகையை அடக்கிக்கொண்டு, “சில நாள்”, “சில நாள்”, “இல்ல”, “பாதி நாளுக்கு மேல” என்று வரிசையாகச் சொன்னாள். இவர் கூட்டினார்.

“ஒம்பதுதான் கண்ணு வருது. மைல்டுதான். பயப்படாத. பத்துக்கு மேல போச்சுன்னா பாத்துக்கலாம்.”

 “ஓகே” என்றாள் கயல். போனை வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் அவரோடு பேசவில்லை. இவர் போன் போட்டால் எடுப்பதில்லை. அம்மாவிடம் மட்டும் தினமும் இரண்டு நிமிஷம். கிறிஸ்துமஸ் லீவுக்கு வீட்டுக்கு வராமல், ரூம்மேட் வெண்பாவின் வீட்டுக்கு டாலஸ் போய்விட்டாள். ஜனவரியில் அம்மா மூலமாக ஒரு செய்தி வந்தது: அப்பா ஒரு தெரபிஸ்டிடம் போக வேண்டும், பாதியில் விடாமல், அவர்களே போதும் என்று சொல்கிற வரை போக வேண்டும், அப்புறம் பேசுகிறேன். இல்லையென்றால் கோடை விடுமுறைக்கும் நான் அங்கே வரப்போவதில்லை, இங்கேயே ஏதாவது வேலை பார்த்துக்கொள்கிறேன்.

“நான் மார்க்கு சரியாத்தான போட்டேன்” என்றார் திருமூர்த்தி.

தாமரைச்செல்வி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெரபிஸ்ட் பெயர் மாளவிகா. முப்பது முப்பத்தொன்று இருக்கும். அப்பா அம்மா சென்னை, இவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே. முதல் நாள் கதவைத் திறந்ததும் வளர்ப்பு முந்திக்கொண்டது. “வாங்க அங்கிள்” என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “சாரி. திரு. கேன் ஐ கால் யூ திரு?” என்றாள். ஆபீஸில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பேருக்கு முன்னால் போடுகிற சொல் இங்கே பேராகவே ஆகிவிட்டது.

“உங்கள இங்க என்ன கூட்டிட்டு வந்துச்சு, திரு?”

நல்ல ஆரம்பம் என்று திருமூர்த்தி மனசுக்குள் குறித்துக்கொண்டார். ஆமாம் என்றோ இல்லை என்றோ முடித்துவிட முடியாத கேள்வி. ஏழு மார்க்குக்கு ஆறு. பதில் சொன்னார். அவள் பேசாமல் இருந்தாள். ஓ, மௌனம் காட்டுகிறாள் என்று வாட்சைப் பார்க்காமலே நொடிகளை எண்ணினார். ஒன்பது நொடி தாக்குப்பிடித்தாள். இளம் வயசுக்குப் பரவாயில்லை. “அத நெனைக்கும்போது உடம்புல எங்க ஃபீல் ஆகுது?” என்று கேட்டாள். எல்லாரும் நெஞ்சில் என்பார்கள். திருமூர்த்தி கொஞ்சம் யோசிக்கிற மாதிரி யோசித்து, “எடது தோள்பட்டைல” என்றார். அவள் ஆர்வமாக எழுதிக்கொண்டாள்.

இப்படியே போயிற்று. வைத்தியம் யாருக்கு நடக்கிறது, பரீட்சை யாருக்கு நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் சொல்ல முடியாது. அவள் ஒரு கேள்வி கேட்டால், அடுத்து என்ன கேட்பாள் என்று இவருக்குத் தெரியும். அதற்கு அடுத்ததும் தெரியும். சமையல்காரன் விருந்துக்குப் போன கதை. இலையில் விழுகிறதை எல்லாம் இதில் என்ன போட்டிருக்கிறான் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் வயிறு எப்படி நிறையும்?

மூன்றாவது வாரம் மாளவிகா ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டாள். “கயல் இங்க உக்காந்திருக்கான்னு நெனச்சுக்கோங்க. அவகிட்ட என்ன சொல்லணும்னு தோணுது?”

வெற்று நாற்காலி. இது வரும் என்று அவர் இரண்டு வாரமாக எதிர்பார்த்திருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால், மகனோடு பேச்சு முறிந்துபோன ஒரு அப்பனுக்கு அவர் எழுதிய வசனம் இருக்கிறது, பயிற்சி வீடியோ நான்கு. அதில் மகனை எடுத்துவிட்டு மகளைப் போட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். “நீ அழுதப்ப எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல” என்று ஆரம்பித்து, இரண்டாவது வரியில் குரலை விட்டார். அந்த இடத்தில் வீடியோவில் நடிகர் மூக்கை உறிஞ்சுவார். அது கொஞ்சம் மிகை என்று திருமூர்த்திக்கு அப்போதே அபிப்பிராய பேதம். இப்போது உறிஞ்சாமல் செய்து பார்த்தார். நன்றாக வந்தது. மாளவிகாவின் கண்ணே கலங்கிவிட்டது. அன்று காரில் திரும்பும்போது, பாராட்டு வாங்கிய நாடகக்காரன் மாதிரி ஒரு நிறைவு. எதிர்க்க இருந்த நாற்காலியில் மகளை அவர் ஒரு நொடிகூட உட்கார வைக்கவில்லை என்பது மட்டும் உறைக்கவே இல்லை.

மார்ச் ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தாமரைச்செல்வி அவருடைய லேப்டாப்பில் மின்சார பில் கட்டப் போனாள். அங்கே ஒரு எக்செல் ஷீட் திறந்திருந்தது. தாமரைச்செல்விக்கு வேலை, மாத்திரை செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில். ரிப்போர்ட்டில் யாராவது கைவைத்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுகிற கண் அது.

“ஏனுங்க, இன்னைக்குத் தேதி என்னங்க?”

“ஒண்ணு. ஏன்?”

“மார்ச் முப்பதாந் தேதி உங்களுக்கு ஏழுன்னு இப்பவே எப்படிங்க தெரியும்?”

திருமூர்த்தி சோபாவிலிருந்து எழுந்து வந்தார். “அது வந்து, ஒரு ப்ரொஜெக்‌ஷன்.”

“பிப்ரவரி ரெண்டு, பதினேழு. அப்பறம் பதினாறு, பதினாலு, பன்னெண்டு. எறங்கிட்டு வருது. நாளைக்கு மட்டும் ஏறிப் பதினஞ்சாகுது?”

“நேர்கோடா எறங்குனா டவுட் வரும் தாமரை. நடுவுல ஒரு பின்னடைவு காட்டணும். அப்பத்தான் நிஜம் மாதிரி இருக்கும்.”

“செரி, நாளைக்கு அப்படி என்னங்க ஆகப்போகுது உங்களுக்கு?”

“அத இனிமேத்தான் யோசிக்கணும்.”

தாமரைச்செல்வி சிரிக்கத்தான் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு அவள் முகம் இருந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. “டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ரிசல்ட் எழுதி வெச்சா எங்க கம்பெனில அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க” என்றாள். “ஏப்ரல் பதிமூணு, நாலு. அதுக்கு மேல கொணமாகற உத்தேசம் இல்லீங்களா?”

“அஞ்சுக்குக் கீழ வந்தாலே குணம்னு அர்த்தம். ஜீரோ போட்டா யாரு நம்புவா?”

“அவ உங்கள அங்க போகச் சொன்னது மார்க்கு வாங்கறதுக்கில்லீங்க.”

“பின்ன?”

“ஒருத்தருகிட்ட உக்காந்து, மனசுல இருக்கறத வாயத் தொறந்து சொல்ல முடியுதான்னு பாக்கறதுக்குங்க.”

“நீ கயல்கிட்ட இத…”

“நானொண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களாச்சு, உங்க மகளாச்சு.” மின்சார பில்லைக் கட்டிவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

மறுநாள் பின்னடைவுக்கு ஆபீஸ் தகராறு ஒன்றைத் தயார் செய்துகொண்டுதான் திருமூர்த்தி வண்டியை எடுத்தார். பல் டாக்டரின் பார்க்கிங்கில் காரை நிறுத்தினார். இறங்கவில்லை. எதிரில் ஒரு காரிலிருந்து ஒரு ஆளும் பல்லுக்குக் கம்பி போட்ட அவர் மகளும் எதையோ சண்டை போட்டுக்கொண்டே இறங்கிப் போனார்கள். அந்தப் பெண், “அப்பா, ஸ்டாப் இட்” என்றாள். அவ்வளவுதான். திருமூர்த்தி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாரும் எழுதிக் கொடுக்காத அழுகை. மூக்கையும் உறிஞ்சினார், அதுவும் பலமாக. முகத்தைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய், திட்டப்படி பதினைந்து போட்டார்.

மாளவிகா நம்பரைப் பார்த்தாள். “திஸ் வீக் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சா?”

இப்போது சொல்லியிருக்கலாம். கீழே பார்க்கிங்கில் என்று ஆரம்பித்தாலே போதும். வாய்வரைக்கும் வந்தது. கை டிஷ்யூ டப்பாவுக்குக்கூடப் போயிற்று. “ஆபீஸ்ல ஒரு டென்ஷன்” என்றார்.

“செட்பேக்ஸ் ஆர் நார்மல், திரு. இட்ஸ் பார்ட் ஆஃப் த ப்ராசஸ்” என்று அவள் சொன்னாள். வார்த்தைக்கு வார்த்தை அவருடைய ஸ்லைடில் இருப்பதுதான். கண் சிவந்து வீங்கியிருக்கிறதே, ஆபீஸ் தகராறுக்கு இப்படியா என்று அவள் கேட்கவில்லை. திருமூர்த்திக்குக் கோபம் வந்தது. அவளுக்கு ஒரு மார்க் குறைத்தார்.

அன்றிலிருந்து ஒரு வேடிக்கை ஆரம்பித்தது. பிடிபடக் கூடாது என்று பாடுபட்ட மனிதர், பிடிபட மாட்டோமா என்று ஏங்க ஆரம்பித்தார். தூக்கத்துக்குப் பூஜ்யம் என்று போட்டுவிட்டு அவள் எதிரிலேயே மூன்று முறை கொட்டாவி விட்டார். பசி நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டு, புது ஓட்டை போட்ட பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போனார். ஒரு நாள் வலது காலில் கறுப்பு சாக்ஸும் இடது காலில் நீல சாக்ஸும் போட்டுக்கொண்டு, கால் மேல் கால் போட்டு ஆட்டிக்கூடக் காட்டினார். அவள் மடியில் இருந்த டேப்லெட்டில் கோடு அழகாக இறங்கிக்கொண்டிருந்தது. இவர் பக்கம் பார்க்க அவளுக்கு என்ன அவசியம்?

ஏப்ரல் பதின்மூன்று வந்தது. கடைசிப் படிவம். நாலு என்பதை எங்கே எப்படிப் பிரித்து வைப்பது என்பதில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. சோகம், நம்பிக்கையின்மை, தன்மேல் வெறுப்பு, இந்தப் பக்கம் எதைப் போட்டாலும் கேள்வி வரும். தூக்கம் ஒன்று, அசதி ஒன்று, பசி ஒன்று, கவனம் ஒன்று என்று போட்டால் வராது. வேலைக்குப் போகிற, பரீட்சைக்குப் படிக்கிற எவருக்கும் இந்த நாலும் இருக்கத்தானே செய்யும். திருமூர்த்தி அப்படியே போட்டார்.

மாளவிகா முகமெல்லாம் பல்லாக டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். “பாருங்க, திரு! டெக்ஸ்ட்புக் ரெஸ்பான்ஸ். என் சூப்பர்வைசர்கிட்ட காமிச்சேன். ஷி லவ்ட் இட். பேர் போடாம ஒரு ப்ரெசன்டேஷன்ல யூஸ் பண்ணிக்கலாமா?”

பதினேழு, பதினாறு, பதினாலு, பன்னிரண்டு, நடுவில் அழகான ஒரு மேடு, அப்புறம் நாலு வரை வழுக்கிக்கொண்டு இறங்கும் கோடு. எக்செல்லில் அவர் போட்டது ஊதா. இவள் போட்டது பச்சை.

“மாளவிகா, இதெல்லாம் நெஜமான்னு உங்களுக்கு ஒரு தடவகூட சந்தேகம் வரலியா?” என்று கேட்டேவிட்டார்.

அவள் பரிவாகச் சிரித்தாள். “எண்டிங் அப்போ எல்லாருக்கும் இது வரும், திரு. நிஜமாவே பெட்டர் ஆயிட்டமான்னு டவுட் வரும். இட்ஸ் வெரி காமன்.”

ஆமாம், வரும். அதற்கும் அவரிடம் ஒரு ஸ்லைடு உண்டு. இனி அவர் வாயைத் திறந்து எல்லாம் பொய் என்று கத்தினாலும், அதுவும் பிரிவுக் கலக்கத்தின் அறிகுறி என்று அவள் கனிவோடு குறித்துக்கொள்வாள். திருமூர்த்தி நன்றி சொன்னார். சிகிச்சை நிறைவடைந்தது என்ற கடிதத்தையும், அந்தக் கோடு அச்சான தாளையும் வாங்கிக்கொண்டார். படியிறங்கும்போது அவளுக்கு ஏழுக்கு மூன்று என்று இறுதி மார்க் போட்டார். ஏமாற்றியவர் இவர், ஏமாற்றமும் இவருக்கே. அந்தப் பெண் பாவம், வீட்டுக்குப் போய் நல்லபடியாக ஒரு வேலை செய்தோம் என்று சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்பாள்.

காரில் உட்கார்ந்து அந்தக் கோட்டை போட்டோவாகக் கயலுக்கு அனுப்பினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. போன் அடித்தது. திரையில் மகள் முகம். ஐந்து மாதம் கழித்து.

“அப்பா.”

“கண்ணு.”

“நாலா? வாவ். நீ நிஜமாவே ஃபினிஷ் பண்ணிட்ட. ஐ ஆம் சோ ப்ரவுட் ஆஃப் யூ.”

இந்த நாளுக்காக அவர் ஒரு மன்னிப்பு எழுதி வைத்திருந்தார். மூன்று முறை திருத்தியது, போனிலேயே நோட்ஸில் இருந்தது. அதை நிதானமாகச் சொன்னார். அன்னிக்கு நீ அழுதப்ப உன்னக் கேக்காம உன் அறிகுறியக் கேட்டேன், அது என் பயம், உன் தப்பு இல்ல. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். மறுமுனையில் கயல் விம்முவது கேட்டது. வசனம் வேலை செய்கிறது என்று மண்டைக்குள் ஒரு ஓரம் குறித்துக்கொண்டது. அந்த ஓரத்தை அவர் அப்போதே செருப்பால் அடித்திருக்கலாம்.

“தேங்க்ஸ் அப்பா. இதுக்குத்தான் வெயிட் பண்ணேன்.” மூக்கைச் சிந்தினாள். “நானும் ஒண்ணு சொல்லணும். ஃப்ரீக் அவுட் ஆகக் கூடாது. ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ்.”

“அன்னிக்கு ஒன்பது இல்லப்பா.”

திருமூர்த்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“எதுக்கு எவ்ளோன்னுதான் எனக்குத் தெரியுமே. பத்துக்குக் கீழ வர்ற மாதிரி சொன்னேன். நீ பயந்துடுவேன்னு. பட், நீ நம்ப மாட்டேன்னும் நெனச்சேன். என் வாய்ஸ் கேட்டாலே தெரிஞ்சுடும்னு நெனச்சேன். நீ மைல்டுன்னு சொல்லிட்ட.” கொஞ்சம் நிறுத்தினாள். “நெக்ஸ்ட் டே வெண்பாதான் என்ன எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போனா. மூணு நாள் வெச்சிருந்தாங்க. அம்மாக்குத் தெரியாது. சொல்லிடாத.”

கார் கண்ணாடிக்கு வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.  மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவர் பிஸ்கட்டவேயில் இருபது பேரை உட்கார வைத்து, நோயாளியின் குரலைக் கவனிப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தார். தன்னைப் போல ஒரு மடையன் இந்த நியூ ஜெர்சியில் உண்டா என்று நினைத்தார். 

“அப்பா? ஆர் யூ தேர்? இப்ப நான் ஓகேப்பா. டோட்டலி ஓகே. போன வாரம் இங்க கவுன்சலிங்ல ஃபார்ம் ஃபில் பண்ணேன். கெஸ் வாட்? எனக்கும் நாலு! சேம் ஆஸ் யூ.” சிரித்தாள்.

“எதெதுக்குக் கண்ணு ஒண்ணு போட்ட?”

“ம்ம்? தூக்கம். டயர்ட்னஸ். அப்பறம் பசி, கான்சன்ட்ரேஷன்.”

அவர் போட்ட அதே நாலு இடம். பதினைந்து வயசுப் பெண்ணை எதிரில் உட்காரவைத்து, குணமான நோயாளி இப்படித்தான் பேசுவாள் என்று எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னவர் அவர். பெண் நல்ல மாணவி. ஆஸ்டினில் யாரோ ஒரு மாளவிகா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

உண்மையைச் சொன்னால் இவள் மறுபடி போனை வைத்துவிடுவாள். அப்புறம் கோடை விடுமுறையும் இல்லை, எதுவும் இல்லை. அது தெரிந்துதான் சொன்னார்.

“எனக்கு நாலு இல்ல கண்ணு.”

“வாட்?”

“அந்தக் கோடு நானே போட்டது. பிப்ரவரிலயே எக்செல்ல போட்டு வெச்சுட்டேன். ஒவ்வொரு வாரமும் போய் அதப் பாத்துப் பாத்து எழுதினேன். இப்ப சாரி சொன்னன்ல, அதும் எழுதி வெச்சுப் படிச்சதுதான். எனக்கு நல்லா இல்ல. தூங்கறதில்ல. ஒரு நாளு இங்கயே கார்ல உக்காந்து அழுதேன். உன்ன நெனச்சுத்தான் அழுதேன். அந்தப் பொண்ணுகிட்டப் போயி ஆபீஸ் டென்ஷன்னு சொல்லிட்டேன்.”

மறுமுனையில் சத்தம் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் நொடிகளை எண்ணவில்லை. எண்ணத் தோன்றவில்லை.

“அன்பிலீவபிள்” என்றாள் கயல்.  “லெவன் வீக்ஸ். எனக்காக ஒரு விஷயம் கேட்டேன். ஒரே ஒரு விஷயம்.”

“ஆமா கண்ணு. திட்டு. போன மட்டும் வெச்சுராத.”

வைக்கவில்லை.  உனக்கு எவ்வளவு என்று கேட்க அவருக்கு நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

“நான் கெளம்பி அங்க வரேன்” என்றார்.

“வேண்டாம். ஐ ஆம் ஃபைன்.”

“வரேன்.”

“அப்பா, நெக்ஸ்ட் வீக் எக்ஸாம். ரூம் எல்லாம் மெஸ்ஸா இருக்கு. நான் ஃபைன்னு சொல்றேன்ல. வராத.”

நோயாளி என்ன சொல்கிறாரோ அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், நம்முடைய ஊகத்தைக் கலக்கக் கூடாது. பத்தொன்பது வருஷமாக எல்லா வகுப்பிலும் முதல் பாடமாக அவர் சொல்லிக்கொடுத்தது. “நீ என்ன வேணா சொல்லு. நான் நம்பல” என்றார்.

கயல் அழ ஆரம்பித்தாள். அடக்கிக்கொள்ளாமல், அசிங்கமாக, சின்ன வயசில் பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிட்டபோது அழுத மாதிரி அழுதாள். அவர் இடையில் எதுவும் சொல்லவில்லை. அவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. துடைக்க டிஷ்யூ இல்லாமல் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

“வராதப்பா” என்றாள் மறுபடியும். அப்புறம் வெகுநேரம் கழித்து, “எத்தன மணிக்கு வருவ?” என்றாள்.

அவர் இன்னும் டிக்கெட்டே பார்க்கவில்லை. நூவர்க்கிலிருந்து ஆஸ்டினுக்கு எந்த நேரத்துக்கு விமானம் என்பதும் தெரியாது. “எட்டு மணிக்கு” என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.